மலை தரும் மின்னும் மலையுழவன் தரும் விலையும்

மாலை ஆறு மணிக்கு நீலமலையில் இரண்டு வேலைகள் ஒருங்கே தொடங்குகின்றன. குந்தாவிலும் பைக்காராவிலும் பகலில் தேக்கி நிறுத்திய நீர் குழாய்வழிக் கீழிறங்கிச் சுழலிகளை முடுக்குகின்றது. அதே பொழுதில் குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களில் சிறு உழவர்கள் பறித்த பசுந்தேயிலை மூட்டைகள் தொழிற்சாலை முற்றங்களில் வந்திறங்குகின்றன. இலையை வாட்டும் விசிறிகள் சுழலத் தொடங்குகின்றன. முன்னது சமவெளி நகரங்களின் உச்சநேரத் தேவைக்குக் கைகொடுக்கின்றது. பின்னதன்மேல் உச்சநேரக் கட்டணம் விழுகின்றது. மலையின் நீர் மலிவாக இறங்குகின்றது. அந் நீர் ஈன்ற மின் விலையேறி மலைக்குத் திரும்புகின்றது. இதனை எடைபோட்டுப் பார்க்கும் பொறுப்பு யாருடையது? அவர்கள் பார்த்தார்களா?

நீலமலைக்கும் மின்னாற்றலுக்கும் உள்ள உறவு நேற்று முளைத்ததன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காட்டேரி அருவியில் மின்னெடுத்து அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையை இயக்கினர் ஆங்கிலேயர். 1932ஆம் ஆண்டில் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. மூவாயிரம் அடிக்கும் மேற்பட்ட இறக்கத்திற் பாய்ந்த அந் நீரே கோவையின் நூற்பாலைகளைப் பெருக்கிற்று. 1952இல் மோயாறு இணைந்தது. பின்னர்க் கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா நாட்டின் துணையோடு குந்தாத் திட்டம் எழுந்தது. இன்று அம் மலையில் நிறுவப்பெற்றுள்ள நீர்மின் திறன் எண்ணூறு மெகாவாட்டுக்கு மேல். இத்துணையும் விலையின்றிக் கிடைத்ததா? இல்லை. தோடர்தம் எருமைகள் மேய்ந்த புல்வெளிகளிற் பல அணைநீருள் ஆழ்ந்தன. சோலைகள் வெட்டுண்டன. மலை தன் நிலத்தைக் கொடுத்தது, நீரைக் கொடுத்தது. கணக்கெழுதும் நாளில் மட்டும் அக் கொடை எவர் ஏட்டிலும் இடம்பெறவில்லை.

மின்கட்டணத்திற்குக் கணக்கெழுதுவோர் இன்று மின்வாரியத்தார் அல்லர். 1957ஆம் ஆண்டு அமைந்த வாரியம் 2010இற் பிரிக்கப்பட்டுக் குழுமங்களாயிற்று. 2024இல் மீண்டும் பிரிக்கப்பட்டது. கட்டணத்தை வரையறுக்கும் உரிமை 1999இல் அமைக்கப்பெற்ற தமிழ்நாடு மின்னாற்றல் ஒழுங்குமுறை ஆணையத்திடம் உள்ளது. தில்லியில் இயற்றப்பெற்ற 2003ஆம் ஆண்டுச் சட்டமே அதற்கு அளவுகோல். அச் சட்டப்படி ஆணையம் மின்குழுமத்தின் செலவுகளைத் துருவிப் பார்க்க வேண்டும். வீண்செலவை வெட்ட வேண்டும். நுகர்வோரின் கருத்தைக் கேட்க வேண்டும். அதன் பின்னரே விலையைச் சொல்ல வேண்டும். எவர்க்கேனும் விலை குறைத்துத் தர அரசு விரும்பினால், அத் தொகையை அரசே முன்கூட்டிச் செலுத்த வேண்டும். எழுத்தளவில் இதிற் பெருங்குறை இல்லை. ஆனால் காவலன் ஒருவனை வாயிலில் நிறுத்திவிட்டதனாலேயே வீடு காவற்பட்டதாகிவிடுமா? அவன் விழித்திருக்கவும் வேண்டுமன்றோ?

ஆணையம் விழித்திருந்ததா என்பதற்கு ஆண்டுக் கணக்கே சான்று. மின்குழுமம் கேளாவிடினும் ஆண்டுதோறும் ஆணையம் தாமாகவே கட்டணத்தை ஆய்ந்து சீர்செய்ய வேண்டுமென்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2011ஆம் ஆண்டு நவம்பரில் தெளிவாக ஆணையிட்டது. 2014 திசம்பரில் ஆணையம் அவ்வாறே தாமாகக் கட்டணத்தை உயர்த்தியது. அதன்பின் ஏறத்தாழ எட்டாண்டுகள் வாளாவிருந்தது. விலையைத் தொட்டால் வாக்கு போகும் என்று ஆள்வோர் அஞ்சினர். ஆள்வோர் முகம் நோக்கி ஆணையமும் அமைதி காத்தது. ஆனால் வட்டி அமைதி காக்கவில்லை. கடன் 1,50,000 கோடி உருபாவைத் தாண்டிற்று. 2022 செப்டம்பரில் அடக்கிவைத்த சுமை முழுவதும் ஒரே நாளில் மக்கள் தோளில் இறங்கியது. அதனைத் தொடர்ந்து விலைவாசிக் குறியீட்டோடு கட்டணத்தைப் பிணைத்து 2023, 2024, 2025 ஆகிய மூவாண்டிலும் சூலைத் திங்களில் மேலும் உயர்த்தினர். சிறுகச் சிறுகத் தந்திருந்தால் தாங்கியிருக்கக் கூடிய சுமையைப் பாறையாக்கி உருட்டிவிட்ட பிழை நுகர்வோனுடையதன்று.

2022இன் உயர்வுக்கு முன் பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடைபெற்றன. எங்கே? கோவையிலும் மதுரையிலும் சென்னையிலும். பந்தலூரின் தேயிலை உழவன் தன் குறையைச் சொல்ல வேண்டுமாயின் ஒருநாள் பறிப்பை விட்டுவிட்டு மலையிறங்கி வர வேண்டும். அவன் வரவில்லை. பெருந்தொழில் அமைப்புகள் வழக்கறிஞரோடு வந்தன, தணிக்கையாளரோடு வந்தன. மின்னாக்கத்திற்குத் தன் மலையையே கொடுத்தவன், அம் மின்னின் விலை பேசப்பெற்ற அவையில் இல்லை. வராதவனுக்குக் குறையில்லை என்று எழுதிக்கொள்வது எளிது. ஆனால் அது முறைமையாகாது.

அவன் வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பான்? தேயிலையின் இயல்பைச் சொல்லியிருப்பான். நூலும் இரும்பும் காத்திருக்கும், பசுந்தேயிலை காத்திராது. பகலிற் பறித்த இலை மாலைக்குள் தொழிற்சாலை சேர வேண்டும். இரவெல்லாம் தொட்டியிற் பரப்பி விசிறிக் காற்றில் வாட்ட வேண்டும். விடியலில் உருளைகளிலிட்டு நொறுக்க வேண்டும். நொதிக்கவிட்டு உலர்த்த வேண்டும். மாலை ஆறு முதல் இரவு பத்து வரையும் காலையில் நான்கு மணி நேரமும் உச்சநேரம் என்று கூடுதல் விலை வைத்தனர். வேறு தொழிலகம் தன் வேலையை நண்பகலுக்கு மாற்றிக்கொண்டு அவ் விலையினின்று தப்பலாம். அக் கட்டணத்தின் நோக்கமும் அதுவே. ஆனால் மாற்றிக்கொள்ள இயலாதவன்மேல் அதனைச் சுமத்துவது திருத்தமாகாது, தண்டமேயாகும்.

இன்னொன்றும் சொல்லியிருப்பான். உயரழுத்த மின்னிணைப்புடைய தொழிலகம் பயன்படுத்திய அலகுக்கு மட்டுமன்றி, இசைவு பெற்ற மின்சுமைக்கும் திங்கள்தோறும் விலை தருகின்றது. 2022இல் அது ஒரு கிலோவோல்ட்டு ஆம்பியருக்கு 350 உருபாவிலிருந்து 550 உருபாவாயிற்று. சுமை முழுவதையும் பயன்படுத்தாத திங்களிலும் அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கேனும் விலை செலுத்தியாக வேண்டும். உறைபனி விழும் மார்கழி, தை நாள்களில் நீலமலையின் கொழுந்து கருகுகின்றது, இலைவரவு சுருங்குகின்றது, பாதிப் பொறிகள் நிற்கின்றன. நிற்கும் பொறிக்கும் விலை நிற்பதில்லை. பருவத்தோடு வாழும் தொழிலைப் பருவமறியாத கட்டணத்தால் அளந்தால் அளவு எங்ஙனம் ஒக்கும்?

இச் சுமை தொழிற்சாலை உடைமையாளனோடு நின்றுவிடுகின்றதா என்றால் அதுவும் இல்லை. 2003ஆம் ஆண்டின் தேயிலை விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ்த் தேயிலைத் தூள் விற்ற தொகையில் உழவனுக்கு 65 பங்கும் தொழிற்சாலைக்கு 35 பங்கும் என்று பங்கீடு வகுத்தனர். அதனை அடியாகக் கொண்டே பசுந்தேயிலைக்குத் திங்கள்தோறும் விலை சொல்லும் பொறுப்பு தேயிலை வாரியத்திடம் உள்ளது. மின்செலவு அந்த 35 பங்குக்குள் அடங்குகின்றது. மின்விலை ஏறி அப் பங்கு இறுகும்போது, இலை முற்றல் என்றும் ஈரம் மிகுதி என்றும் எடையிற் கழிப்பது எளிய வழியாகின்றது. ஏறிய விலை இவ்வாறு சுற்றிவளைந்து உழவன் மடியைத் தொடுகின்றது. 2023 செப்டம்பரில் மலையுழவர்கள் பசுந்தேயிலைக்குக் கட்டுபடியாகும் விலை கேட்டுத் தொடர் உண்ணாநோன்பிருந்தனர். அவர்கள் வயிற்றெரிச்சலுக்குள் மின்விலையும் ஓர் எரிபொருளாய் இருந்தது.

அதே திங்களில் தமிழகத்தின் சிறு குறு தொழிலகங்களும் ஒருநாள் கதவடைத்துக் குரலெழுப்பின. அதன்பின் தாழ்வழுத்த இணைப்புடைய சிறுதொழிலகங்களுக்கு உச்சநேரக் கட்டணத்தை 25 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடாகக் குறைக்க அரசு முன்வந்தது. குரலெழுப்பினால் குறையும் என்பதற்கு இது சான்று. ஆனால் அக் குறைப்பால் பயனுற்ற தேயிலைத் தொழிலகம் ஒன்றிருப்பினும், அப் பயனில் ஒரு காசேனும் பசுந்தேயிலை விலையில் சேர வேண்டுமென்று எந்த ஆணையும் கூறவில்லை. சுமை ஏறும்போது உழவன்வரை இறங்குகின்றது. உதவி வரும்போது தொழிற்சாலை வாயிலோடு நின்றுவிடுகின்றது. அவ்வாறு நின்றுவிடும் நல்கை தொழிலை வாழவைப்பதாகாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். மின்கம்பி மாநிலத்திற்குப் பொது. மலையில் விளைந்த மின் மலைக்கே என்றால், நெய்வேலி மின் நெய்வேலிக்கே என்று சொல்ல நேரும். உச்சநேரத்தில் வெளியாரிடம் கொள்விலை உயர்வதும் உண்மை என்பர். இம் மறுப்பில் உண்மையுண்டு. மலையுழவன் தனி மின்னரசு கேட்கவில்லை. ஆனால் பொதுமை என்பது இருபக்கமும் செல்ல வேண்டிய பாதை. 1990 முதல் சமவெளி உழவனின் நீரிறைப்பிக்கு விலையில்லா மின் வழங்கப்பெறுகின்றது. அது தக்கதே. மழையை நம்பி வாழும் மலைத்தேயிலைக்கு நீரிறைப்பி இல்லை. சமவெளியானுக்கு நீரிறைப்பி எதுவோ, மலையானுக்கு இலை வாட்டும் விசிறி அது. ஒருவனுக்கு விலையின்மை, மற்றவனுக்கு உச்சவிலை. இருவரும் தமிழகத்தின் உழவரே அல்லரோ?

ஆகலின் செய்ய வேண்டுவன அரியன அல்ல. கட்டணம் உயரும் ஒவ்வொரு முறையும் உதகையிலோ குன்னூரிலோ கருத்துக் கேட்பு நடைபெற வேண்டும். அது தமிழில் நடைபெற வேண்டும். கணக்கேடுகளும் முன்கூட்டித் தமிழில் வெளியாக வேண்டும். ஆங்கிலத்தில் அச்சிட்ட நூற்றுக்கணக்கான பக்கங்களைக் காட்டிக் கருத்துக் கேட்பது, கண்ணைக் கட்டிவிட்டு வழி கேட்பதை ஒக்கும். வேலைநேரத்தை மாற்ற இயலாத தேயிலைப் பதத் தொழிலுக்கு உச்சநேரக் கட்டணத்தை நீக்க வேண்டும். இசைவுச் சுமைக்கான விலையைப் பருவத்திற்கேற்ப வகுக்க வேண்டும். அதனால் குறையும் தொகையை அரசு ஆணையத்தின்வழி முன்கூட்டிச் செலுத்த வேண்டும். அவ் உதவி பெறும் தொழிற்சாலை அதன் பயனைப் பசுந்தேயிலை விலையிற் காட்டியாக வேண்டும். கூட்டுறவுத் தொழிற்சாலைகளும், தாயகம் திரும்பிய இலங்கை மலையகத் தமிழர்க்கென 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களும் இதற்கு முதற்கண் வழிகாட்டலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, மின்குழுமம் வெளியாரிடம் எவ் விலைக்கு ஏன் மின் வாங்கிற்று என்பதை ஆணையம் ஆண்டுதோறும் எண்ணியெண்ணிக் கேட்க வேண்டும். அக் கேள்வியைக் கேளாத ஆணையம், விலையுயர்வுக்கு முத்திரை குத்தும் அலுவலகம் ஆகுமேயன்றி மக்கட்குக் காவலாகாது.

இன்று மாலையும் ஆறு மணி ஆகும். மலைநீர் இறங்கும், சென்னையும் கோவையும் ஒளிரும். அவ் வொளியில் அமர்ந்து கட்டணப் பட்டியல் எழுதுவோர் ஒருமுறை மலையேறி வந்து, இலைமூட்டை இறக்கிவைத்து எடைக்காகக் காத்து நிற்கும் உழவனிடம் கணக்குக் கேட்கட்டும். அவன் கணக்குப் பிழையாதிருக்கும்.