மறுப்பையேனும் எழுதித் தருக!

நாட்டின் ஆட்சி எத்தகையது என்பதை அறிய விரும்புவோன் பாராளுமன்றத்தின் பார்வையாளர் மாடத்திற் போய் அமர வேண்டியதில்லை. தன் சொந்தக் காணியில், தன் சொந்தப் பணத்தில், மூன்று அறை கொண்ட ஒரு வீடு கட்டுதற்கு அனுமதி கோரித் தன் ஊர்ச் சபையில் ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பானாயின், அரசியல் நூல்கள் பத்துப் படித்தும் எய்தாத ஞானத்தை ஆறு திங்களில் எய்துவான்.

சட்டம் இருக்கிறது, அதை நாம் மறுக்கவில்லை. 1914ஆம் ஆண்டிற் கொழும்பு நகரிற் பிளேக்கு நோய் புகுந்தது. மறு ஆண்டிலே, 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. நூற்றாண்டு கடந்தும் அச்சட்டம் உயிரோடு உள்ளது. சபைத் தலைவர் எழுத்து மூலம் அங்கீகரித்த வரைபடத்துக்கு அமையவன்றி எவரும் கட்டிடம் எழுப்பலாகாது என்பது அதன் விதி. கட்டி முடித்த பின்னும், கட்டிடம் விதிகளுக்கு அமைந்தது என்னும் சான்றிதழ் கிடைக்கும்வரை ஒரு காவற்காரனைத் தவிர வேறெவரும் அதிற் குடியிருக்கலாகாது. ஊரார் குடிபுகு சான்றிதழ் என்பது இதனையே. இதன்மேல் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் ஏறியது. அபிவிருத்திப் பிரதேசமென அமைச்சர் பிரகடனஞ் செய்த இடத்தில் அனுமதிப் பத்திரமின்றி எந்த அபிவிருத்தி வேலையும் செய்யலாகாது என 1982ஆம் ஆண்டின் திருத்தம் விதித்தது. ஆகவே, நகரத்தில் வீடு கட்டுவோன் ஒரே யன்னலில் நின்று இரண்டு சட்டங்களுக்கு முகங்கொடுக்கிறான்.

கட்டுப்பாடே வேண்டாம் என்று நாம் வாதிக்கவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறில்லை. மழைநீர் சுண்ணாம்புக் கற்பாறைக்குள் இறங்கித் தங்குவதாலேயே நமக்குக் கிணறு உண்டு. அப்பாறையோ பொந்தும் பிளவும் நிறைந்தது. ஒருவன் தன் வளவின் மூலையில் வெட்டும் மலகூடக் குழியின் கழிவு அயலவன் கிணற்றைச் சேர்வதற்கு நெடுநாள் வேண்டியதில்லை. தோட்டத்துக்கு இறைப்பதும் அதே நீர். குழந்தைக்குக் கொடுப்பதும் அதே நீர். அந்நீரில் நைத்திரேற்று மிகுந்து வருவதை ஆராய்ச்சியாளர் பல்லாண்டுகளாக எடுத்துக் கூறி வருகின்றனர். எனவே, குழிக்கும் கிணற்றுக்குமுள்ள தூரத்தை அளக்க வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நாம் பகைவராகக் கொள்ளோம். அவர் வரவேண்டும், வந்து அளக்கவும் வேண்டும் என்பதே நமது கோரிக்கை. அளவுநாடாவை விரியாமலே ஒப்பமிடும் உத்தியோகத்தர், ஒப்பமிடாது இழுத்தடிப்பவரினும் கொடியவர்.

நமது வழக்கு வேறு. சட்டம் ‘ஆம்’ என்று சொல்லவும் இடந்தருகிறது. ‘இல்லை’ என்று சொல்லவும் இடந்தருகிறது. நமது கந்தோர்களோ இரண்டையும் சொல்லாத மூன்றாவது வழியொன்றைக் கண்டு பிடித்துள்ளன. ‘பார்ப்போம்’, ‘அடுத்த கிழமை வாருங்கள்’, ‘கோப்பு உள்ளே இருக்கிறது’ என்பனவே அந்த மூன்றாவது வழியின் சட்டப் பிரிவுகள்!

எம் கட்சிக்காரர் ஒருவர் வலிகாமத்துக் கமக்காரர். வெங்காயமும் புகையிலையும் செய்து மிச்சம் பிடித்த பணத்தில், மகளுக்குச் சீதன வீடு கட்ட வடக்கிலுள்ள ஒரு நகரில் இரண்டு பரப்புக் காணி வாங்கினார். அந்தச் சபையின் பெயரை இங்கு எழுதோம். ஒன்றின் பெயரை எழுதினால் மற்றவை தம்மைக் குற்றமற்றவை என எண்ணிக்கொள்ளும். 2021ஆம் ஆண்டின் பிற்பகுதியில் விண்ணப்பம் கொடுத்தார். முதன்முறை சென்றபோது நில அளவைப் படம் பழையதென்றார்கள், புதிதாக அளப்பித்தார். இரண்டாம் முறை, உறுதியிற் காண்பது பிரிவிடப்படாத பங்கு, ஏனைய பங்காளரின் சம்மதம் வேண்டும் என்றார்கள். பங்காளருள் ஒருவர் கனடாவில்! அவரிடமிருந்து அத்தாட்சிப்படுத்திய கடிதம் வருவித்தார். மூன்றாம் முறை, தொழில்நுட்ப உத்தியோகத்தர் லீவில் நின்றார். நான்காம் முறை, ஒழுங்கையின் அகலம் போதாதென்றார்கள். முதல் நாள் கொடுத்த படத்திலேயே அந்த ஒழுங்கையின் அகலம் எழுதப்பட்டிருந்தது. ஐந்தாம் முறை, முன்பிருந்தவர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார்; கோப்பைத் தேட வேண்டும் என்றார்கள். பதினொரு மாதம் சென்றது. 2022ஆம் ஆண்டு சில மாதங்களுள் சீமெந்தின் விலை இரு மடங்குக்கு மேல் ஏறியதை வாசகர் மறந்திரார். கல்வீட்டுக்குச் சேர்த்த பணம் அத்திவாரத்துக்கும் அரைச்சுவருக்கும் மட்டும் போதுமானதாயிற்று.

இந்த ஐந்து முறையில் ஒரு முறையேனும் ஒரு குறையேனும் எழுத்தில் அவருக்குத் தரப்படவில்லை. அவரும் கேட்கவில்லை. ‘கேட்டாற் கோபித்துக் கொள்வார்கள், ஐயா’ என்றார். வெள்ளத்துக்கும் பூச்சிக்கும் போருக்கும் அஞ்சாத மனிதர், ஒரு மேசைக்குப் பின்னிருந்தவரின் கோபத்துக்கு அஞ்சினார்.

சட்டத் தொழில் செய்வோர் அறிந்த ஒன்றை மற்றவர்களும் அறிய வேண்டும். மறுப்பு என்பது ஒரு செயல். அதற்குத் திகதி உண்டு, ஒப்பம் உண்டு, காரணம் உண்டு. காரணம் பிழையாயின் நீதிமன்றத்தின் எழுத்தாணையால் அம்மறுப்பைத் தகர்க்கலாம். மௌனத்துக்கு இவற்றுள் ஒன்றுமில்லை, எதைத் தகர்ப்பது? கடமையைச் செய்க எனக் கட்டளையிடும் எழுத்தாணையைக் கோரினும், ‘நீ செய்யும்படி கேட்டாயா? அவர் மறுத்தாரா?’ என்பதே நீதிமன்றம் முதலில் வினவுவது. நீண்ட மௌனமும் மறுப்பாகும் என்று வாதிக்கலாம்; வெல்லவுங் கூடும். ஆயின் தெளிவாகக் கேட்டதற்கு எழுத்தில் ஓர் அத்தாட்சி வேண்டுமே! வாயாற் கேட்டு வாயாற் பதில் பெற்றவன் கையில் என்ன இருக்கிறது? பேருந்துச் சீட்டு இருக்கும்.

ஆகவேதான் மௌனம் நிலைக்கிறது. எழுதப்பட்ட குறையைத் திருத்தினால் முடிந்தது. எழுதப்படாத குறைக்கு முடிவில்லை. முடிவில்லாத இடத்திலேயே ‘சந்தோஷம்’ கொடுக்கும் வழக்கம் முளைக்கிறது. 1954ஆம் ஆண்டின் இலஞ்சச் சட்டம் இலஞ்சம் வாங்கும் கையைப் பிடிக்க முயன்றது; அதன் இடத்தில் வந்த 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டமும் அதையே முயல்கிறது. வாய் திறவாது, கை நீட்டாது, கோப்பை மட்டும் மேசை இழுப்பறையில் வைத்திருப்பவரை எந்தச் சட்டத்தாற் பிடிப்பது?

இதிலும் பெரிய அநீதி ஒன்றுண்டு. அத்திவாரம் வெட்டும் நாளில் அழைத்தும் வாராத உத்தியோகத்தர், கூரை ஏறிய பின்னர் வருகிறார். அத்திவாரத்தில் பிழை கண்டிருந்தால் ஒரு நாட் கூலியோடு திருத்தலாம். கூரை ஏறிய பின் கண்ட பிழையைத் திருத்த வேண்டுமாயின் இடிக்க வேண்டும். இடித்தற்குச் சட்டமும் ஆயத்தமாக நிற்கிறது. அனுமதியின்றி எழுந்த கட்டிடத்துக்கு நீதவானிடமிருந்து கட்டளை பெறலாம். இடிப்பு என்னும் அச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு பரிசோதிப்பவருக்கும் அதற்கு முன்னரே வந்து பரிசோதிப்பவருக்கும் உள்ள வேறுபாட்டை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

பணம் படைத்தோர் இவ்வித அச்சம் அறியார். முதலிற் கட்டுவர், பின்னர் மேலதிகக் கட்டணஞ் செலுத்தி, கட்டியதற்கு அனுமதி பெறுவர். அதற்கும் ஒழுங்குவிதியில் இடமுண்டு. வங்கிக் கடன் எடுத்தே கட்ட வேண்டிய ஆசிரியனுக்கும் தாதிக்கும் எழுதுவினைஞனுக்குமோ அங்கீகரித்த வரைபடம் இல்லாவிடின் வங்கி கடன் தராது. ஆகவே, சட்டத்துக்குக் கீழ்ப்படிந்து காத்திருப்பவன் ஏழை. சட்டத்தைத் தாண்டி விலை கொடுத்து மீள்பவன் செல்வன். பொதுநலங் கருதி இயற்றிய சட்டம் நடைமுறையில் இந்த விளைவையே தருமாயின், அதனை நடத்துவோர் நாணவேண்டாமா?

இனி நமது மக்கட் பிரதிநிதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பல வட்டாரங்களில் ஒரு நல்லவர் இருக்கிறார். அவரிடம் போனால் கோப்பு நடக்கும். அவர் ஒரு சதமும் வாங்குவதில்லை, உண்மைதான். ஆனால் அவர் செய்வது யாது? உனக்குச் சட்டப்படி உரியதை உனக்கு ஓர் உபகாரமாகத் தருகிறார். தேர்தற் காலத்தில் அந்த உபகாரத்தை நீ மறவாதிருக்க வேண்டும் என எதிர்பார்க்கிறார். எல்லாருடைய கோப்பும் தானே நடக்கும் நாளில் அவருக்கு வேலையில்லை. ஆதலின் அந்த நாள் வருவதில் அவருக்கு ஆர்வமில்லை. எமது நண்பர்கள் சிலரும் இவ்வகையினரே என்பதை அறிந்தே எழுதுகிறோம்.

ஆளணி போதாது என உத்தியோகத்தர் கூறுவர். அதில் உண்மை இருக்கலாம். ஆளணிக் குறைவு விரைவைத் தடுக்கும். ஒரு வரி எழுதுவதைத் தடுக்காது. ஐந்து முறை ஒருவனை அழைத்து ஐந்து முறை திருப்பியனுப்பச் செலவான நேரத்தில், ஐவரின் விண்ணப்பத்துக்குக் குறை கூறும் கடிதம் எழுதியிருக்கலாம்.

கொழும்பின் பங்கு இதில் இல்லையா? பெரும் பங்குண்டு. 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி, நம் மாநகர முதல்வரும் ஆணையாளரும் நகரத் திட்ட விடயத்திற் செலுத்தும் அதிகாரம் அவர்களுக்கே உரிய அதிகாரமன்று, கொழும்பிலிருந்து கையளிக்கப்பட்டது. கட்டிட ஒழுங்குவிதிகளும், 1986இல் வந்தவையாயினும் 2021இல் வந்தவையாயினும், அங்கிருந்தே வந்தன. ஓடை போன்ற நம் ஒழுங்கைகளையும், தலைமுறை தலைமுறையாகப் பிரிவிடாது கிடக்கும் நம் காணிகளையும் கண்டிராத மேசையில் எழுதப்பட்டவை அவை. உள்ளூராட்சி மாகாணத்துக்குரியது என்று 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் கூறுகிறது. ஆயினும் வழக்காட வேண்டி வரின், இவ்வதிகாரம் மாகாணத்தினதா மத்தியினதா, யாழ்ப்பாணத்து மேல் நீதிமன்றத்துக்குப் போவதா கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போவதா என்னும் தடையே முதலில் எழும். வீடு கட்ட வந்தவன் அரசியலமைப்பு விவாதத்துக்குப் பணம் கட்டுகிறான்!

இவை யாவும் உண்மை. ஆயினும், குறையைத் தமிழில் எழுதித் தரக்கூடாது எனக் கொழும்பு எப்பொழுது தடுத்தது? மறுதலையாக, வடக்குக் கிழக்கில் நிருவாக மொழி தமிழ் என 1988ஆம் ஆண்டின் பதினாறாம் திருத்தம் விதித்துள்ளது. வெள்ளவத்தையில் வீடு கட்டும் தமிழனுக்குந் தமிழிற் பதில் பெறும் உரிமை உண்டு. 1956ஆம் ஆண்டிலிருந்து இதற்காக நாம் பட்ட பாடு கொஞ்சமா? மறியல், சத்தியாக்கிரகம், சிறை! அவ்வளவும் பட்டு வென்ற எழுத்துரிமையை நம் சபைகளின் யன்னலில் ‘நாளை வாருங்கள்’ என்னும் இரண்டு சொல்லுக்கு விட்டுக் கொடுத்திருக்கிறோம். அந்தச் சொற்கள் தமிழாகவே இருப்பதில் திருப்தியும் கொள்கிறோம். கையிலுள்ள சிறிய அதிகாரத்தை இவ்வாறு நடத்துவோர் பெரிய அதிகாரம் கேட்கும்போது, கேட்போர் எள்ளி நகையாடாரோ?

செய்ய வேண்டியது பெரிதன்று. விண்ணப்பத்தைக் கொடுக்கும்போது திகதியிட்ட பற்றுச்சீட்டை வாங்காது யன்னலை விட்டு அகலாதீர்கள். ஒரு மாதம் சென்றால், பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதுங்கள்: ‘அனுமதி தருக, தர முடியாதாயின் எக்காரணத்தால், எவ்விதியின்படி என எழுதித் தருக.’ பிரதியை வைத்திருங்கள். பதில் வாராவிடின், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் கோப்பிலுள்ள குறிப்புகளின் பிரதியைக் கேளுங்கள். பதினான்கு வேலை நாட்களுள் முடிவு கூற அவர்கள் கடமைப்பட்டவர்கள். சந்தர்ப்பம் வரின் இக்காகிதங்களே வழக்கை நடத்தும். கடிதம் எழுதத் தெரியாத கமக்காரருக்கு எழுதிக் கொடுக்க ஒவ்வொரு ஊரிலும் ஓர் ஆசிரியரோ சட்டத்தரணியோ கட்டணமின்றி முன்வர வேண்டும். சட்டத்தரணிகளாகிய நாம் இதில் முந்த வேண்டும்.

சபைகளுக்கும் ஒரு கோரிக்கை. 2023 மார்ச்சு தொடக்கம் 2025 மே மாதத் தேர்தல்வரை உறுப்பினர் எவருமின்றிச் சபைகள் உத்தியோகத்தர் கையில் இருந்தன. அக்காலத்துக்கு உறுப்பினர் பொறுப்பல்லர். தேர்தலின் பின் அந்தச் சாட்டும் இல்லை. நாம் கேட்பது ஒரு தீர்மானம். கட்டிட விண்ணப்பங்கள் யாவும், பெற்ற திகதி, எந்த உத்தியோகத்தரிடம் உள்ளது, எழுத்தில் அறிவித்த குறை யாது என்னும் மூன்று விபரத்தோடு வாரந்தோறும் சபை வாசலில் ஒட்டப்பட வேண்டும். குறைகள் அனைத்தும் ஒரே கடிதத்தில், ஒரு மாதத்துள், தமிழில் அறிவிக்கப்பட வேண்டும். பரிசோதனைக்கு அழைத்த நாளில் உத்தியோகத்தர் வாராராயின், வாராமையும் அப்பட்டியலிற் பதியப்பட வேண்டும். இதற்குக் கொழும்பின் சம்மதம் வேண்டியதில்லை. ஒரு காகிதமும் பசையும் போதும்.

இத்தீர்மானத்தை அடுத்த மாதாந்தக் கூட்டத்தில் முன்மொழிய எந்த உறுப்பினர் முன்வருகிறார், எவர் வழிமொழிகிறார், எவர் எதிர்த்துக் கையுயர்த்துகிறார் என்பதைப் பெயரோடு இப்பத்திரிகையில் வெளியிடுவோம். கூட்டம் நடக்கும் நாளில், வேலையுள்ளோர் அரைநாள் லீவு எடுத்தும், தோட்டமுள்ளோர் இறைப்பை விடியலில் முடித்தும், சபா மண்டபத்தின் பார்வையாளர் வாங்குகளை வந்து நிரப்புவார்களாக.