பக்கச் சில்லைக் கழற்றிவிடுங்கள்



நேற்று அஸருக்குப் பிறகு கடற்கரைப் பக்கம் போயிருந்தேன். தெரிந்த ஒருவர் ஏழு வயது மகனுக்கு சைக்கிள் பழக்கிக்கொண்டிருந்தார். பின் சில்லின் இரண்டு பக்கமும் சின்னச் சில்லுகள். பிள்ளை வலது பக்கச் சில்லிலேயே சாய்ந்து கடகடவென்று ஓட்டுகிறான். "ரெண்டு வருஷமா ஓட்டுறான் சேர், இன்னும் பெலன்ஸ் வரல்ல" என்றார்.

வராது. பக்கச் சில்லு இருக்கும்வரை வரவே வராது.

சைக்கிள் இடது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் இடது பக்கம் சாய வேண்டும். விழப் போகும் பக்கத்துக்கே ஹேண்டிலை மெல்லத் திருப்பினால் சில்லு உடம்புக்குக் கீழே வந்து நம்மைத் தாங்கும். பெலன்ஸ் என்று நாம் சொல்வது இதைத்தான். பக்கச் சில்லு பூட்டிய சைக்கிள் சாயாது. பிள்ளை முச்சில்லு வண்டி போல ஹேண்டிலை மட்டும் திருப்பப் பழகுகிறது, உடம்போ வெளிப்பக்கம் சரிகிறது. இரண்டு வருடம் இப்படிப் பழகிய பிள்ளை, சில்லைக் கழற்றிய அன்று பழகியதை மறக்கவும் வேண்டும், புதிதாகப் பழகவும் வேண்டும். பயப்படாமல் என்ன செய்யும்?

இதை நான் பெரிய ஆள் மாதிரிச் சொல்லவில்லை. என் மூத்த மகளுக்கு நான் செய்தது இதைத்தான். "உட்டுராதீங்க வாப்பா" என்று அவள் அழுததும் நான் சில்லைத் திரும்பப் பூட்டினேன். அடுத்த லீவில் கழற்றுவோம் என்றேன். மூன்று லீவு போனது. சைக்கிள் அவளுக்குச் சிறிதாகிவிட்டது. பிறகு வெட்கம் வந்துவிட்டது. இப்போது அவளுக்கு 14 வயது. ரியூசனுக்கு நான்தான் ஏற்றி இறக்க வேண்டும். நான் பிந்தினால் கேட்டடியில் புத்தகப் பையோடு நிற்பாள். ஒரு நாள் "ஏன் இப்படி என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாய்?" என்று ஏசிவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

இளையவளுக்கு வேறு மாதிரிச் செய்தேன். பக்கச் சில்லோடு இரண்டு பெடலையும் கழற்றினேன். இடது பெடலின் மரை தலைகீழானது, கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் அரை மணித்தியாலம் இறுக்கிக்கொண்டிருந்தேன். சைக்கிள் கடைக் காக்கா பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது. பிறகு, இரண்டு பாதமும் நிலத்தில் முழுதாகப் படும்படி சீட்டை இறக்கினேன். அவ்வளவுதான். காலால் தள்ளித் தள்ளிப் போகச் சொன்னேன். இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. 1817இல் ஜெர்மனியில் கார்ல் வொன் ட்ரைஸ் ஓட்டிய இருசில்லு வண்டிக்கும் பெடல் இருக்கவில்லை, காலால் தள்ளித்தான் ஓட்டினார். பெடல் வந்தது 1860களில்.

நான்காம் நாள் மைதானத்தின் சிறு சரிவில் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு பத்து எண்ணும்வரை போனாள். அதன் பிறகுதான் பெடலைப் பூட்டினேன். அன்று மஃரிபுக்கு முன்பே தனியாக ஓட்டிவிட்டாள். முழங்காலில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். பிடிப்பதென்றால் பிள்ளையின் தோளைப் பிடியுங்கள், ஹேண்டிலைப் பிடிக்காதீர்கள். ஹேண்டிலைப் பிடித்தால் பெலன்ஸ் பண்ணுவது நீங்கள்தான், பிள்ளையல்ல. நீளப் பாவாடை செயினில் சிக்கும், அதனால் காற்சட்டை போட்டுவிடுங்கள். மெயின் வீதிப் பக்கம் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

"பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்கு?" என்று உறவுக்காரர் ஒருவர் கேட்டார். அவருக்கு நான் 2022ஐ ஞாபகப்படுத்தினேன். பெற்றோல் வரிசையில் நாட்கணக்கில் நின்றோமே. சைக்கிள் ஓடத் தெரிந்த டீச்சர்மார் ஸ்கூலுக்கு வந்தார்கள். தெரியாதவர்கள் கணவனையோ தம்பியையோ எதிர்பார்த்து வீட்டில் இருந்தார்கள். என்னோடு படிப்பிக்கும் ஒரு டீச்சர் அப்போது சொன்னது: "சின்ன வயசில விழுந்திருவன் எண்டு வாப்பா உடல்ல சேர். இப்ப விழவும் வெட்கமா இரிக்கி."

வகுப்பிலும் இதைத்தான் பார்க்கிறேன். வீட்டில் உம்மா எழுதிக் கொடுத்த ஒப்படை அழகாக வருகிறது, பிள்ளைக்கு அதில் ஒரு வரி வாசிக்கத் தெரியாது. சரி, அது வேறு பதிவுக்கு.

போன வெள்ளிக்கிழமை இளையவள் ஒழுங்கையில் ஓட்டுவதை மூத்தவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரவு சாப்பிடும்போது, "உம்மாட பழைய சைக்கிள்ற பெடலும் கழருமா வாப்பா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

கழரும். நாளை சுபஹுக்குப் பிறகு, மைதானத்தில் ஆட்கள் வருமுன் போகிறோம். அதற்குப் பிறகு 15ஆம் நம்பர் ஸ்பெனர் சும்மாதான் இருக்கும். தேவையானவர்கள் வீட்டுக்கு வந்து எடுத்துப் போகலாம்.