பாட்டி தரும் புலி நகம்

என் தோழியின் மகனுக்கு விரைவில் ஒரு வயது நிறைகிறது. தஞ்சாவூரில் இருக்கும் அவளுடைய அம்மாவுக்கு ஓர் ஆசை. குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் புலி நகப் பதக்கத்தைப் பேரன் கழுத்தில் போட்டு அழகு பார்க்க வேண்டும். “பழைய நகைதானே, கைப்பையில் வைத்துக் கொண்டுவந்துவிடலாமா?” என்று தோழி கேட்டாள். வேண்டவே வேண்டாம் என்றேன்.

அந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்பது நமக்குப் புரியும். சிறுவர்கள் புலிப்பல் தாலி அணிந்த செய்தி சங்கப் பாடல்களிலேயே இருக்கிறது. பிள்ளை பயப்படக்கூடாது, கண்பட்டுவிடக் கூடாது என்ற அக்கறைதான். யானை முடி மோதிரமும் அப்படித்தான். ஆனால் சட்டத்தின் முன் இவை நகையல்ல, அழியும் ஆபத்தில் இருக்கும் விலங்குகளின் உடற்பாகங்கள்.

இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, உரிமைச் சான்றிதழ் இல்லாமல் புலி நகம் வைத்திருப்பதே குற்றம். 2023 அக்டோபரில் கன்னட ‘பிக் பாஸ்’ போட்டியாளர் ஒருவர், கழுத்தில் புலி நகப் பதக்கம் போட்டிருந்ததற்காக நிகழ்ச்சி அரங்கிலிருந்தே கைதானார்.

சிங்கப்பூர், ‘சைட்டிஸ்’ எனப்படும் அனைத்துலக உடன்பாட்டில் 1986ல் இணைந்தது. புலி, ஆசிய யானை இரண்டும் அதன் முதல் பட்டியலில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்புக்குரிய பட்டியலில் உள்ளன. அனுமதியின்றி அவற்றின் பாகங்களைக் கொண்டுவந்தால், ஒவ்வொரு பொருளுக்கும் 100,000 வெள்ளி வரை அபராதம், ஆறாண்டு வரை சிறை. 2022ல்தான் தண்டனை இந்த அளவுக்கு உயர்த்தப்பட்டது.

“அது மாட்டுக் கொம்பில் செய்த போலியாகக்கூட இருக்கலாமே?” என்று சிலர் கேட்பார்கள். இருக்கலாம். ஆனால் புலி நகம் என்று சொல்லி விற்றாலோ, உறையில் அப்படி எழுதியிருந்தாலோ, இங்குள்ள சட்டம் அதையும் புலி நகமாகவே பார்க்கிறது. இணையத்தில் விளம்பரம் செய்வோருக்கும் இது பொருந்தும்.

அடுத்தது சால்வை. வடஇந்தியப் பயணத்தில் ‘மோதிரத்துக்குள் நுழையும் சால்வை’ என்று யாராவது ரகசியமாக எடுத்துக் காட்டினால் கவனமாக இருங்கள். பஷ்மினா வளர்ப்பு ஆட்டின் முடி. அதைச் சீவி எடுப்பார்கள். ஆடு உயிரோடு இருக்கும். ஷாதூஷ் அப்படியல்ல. திபெத்திய மானைக் கொன்றுதான் அந்த முடியை எடுக்க முடியும். ஒரு சால்வைக்கு மூன்று முதல் ஐந்து மான்கள். புதரில் சிக்கி உதிர்ந்த முடியைப் பொறுக்கி நெய்தது என்று வியாபாரிகள் பல காலம் கதை சொன்னார்கள். விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாலர் அது பொய் என்று வெளிக்கொண்டுவந்தார். வேட்டை கட்டுப்படுத்தப்பட்ட பிறகு மான்களின் எண்ணிக்கை கூடியது. 2016ல் அந்த இனம் ‘அழியும் ஆபத்தில் உள்ளவை’ என்ற நிலையிலிருந்து மேலேறியது.

தடை வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

“அந்தப் புலி செத்து எத்தனையோ வருடமாயிற்று, இப்போது தடுத்து என்ன பயன்?” என்ற கேள்வியும் நியாயமானதுதான். ஆனால் பழைய நகத்தையும் நேற்றுக் கொன்ற புலியின் நகத்தையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிய முடியாது. பழையதைக் கழுத்தில் பார்த்து ஆசைப்படுபவர், கடையில் புதியதைத்தான் தேடுவார். யானைத் தந்த விற்பனைக்கும் சிங்கப்பூர் 2021 செப்டம்பர் 1 முதல் உள்நாட்டிலேயே தடை போட்டது.

ஆகவே டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போகுமுன் வீட்டுப் பெரியவர்களிடம் பேசிவிடுங்கள். அவர்கள் அன்போடு கையில் திணிக்கும்போது மறுப்பது கடினம். முன்கூட்டியே தொலைபேசியில் சொல்வது எளிது. சந்தேகமான பொருள் எதுவாக இருந்தாலும், விமானம் ஏறும் முன் தேசியப் பூங்காக் கழகத்திடம் கேளுங்கள். சாங்கியில் இறங்கிய பிறகு கேட்பது தாமதம். பேரனுக்குத் தங்கத்திலேயே புலி நக வடிவில் ஒரு பதக்கம் செய்து தரச் சொன்னால், தேக்காவில் இருக்கும் பொற்கொல்லர் மறுக்கப் போவதில்லை. பாட்டியின் ஆசியும் அதில் குறையப் போவதில்லை.