கெட்டிக் குழம்பே சீறி வெடிக்கும்

சூடு ஏறஏறத்தான் எரிமலை வெடிக்கும் என்று பலரும் நினைக்கிறோம். சூடு மட்டுமே காரணமாக இருந்தால் ஹவாய்த் தீவின் கிலாவேயாதான் மிகக் கொடிய மலையாக இருக்க வேண்டும். 2018இல் அங்கே 1,100 டிகிரி செல்சியஸுக்கும் மேற்பட்ட சூட்டில் எரிமலைக்குழம்பு மாதக்கணக்கில் ஓடியது. 700க்கும் அதிகமான வீடுகள் அழிந்தன, உயிர்கள் தப்பின. 1980 மே 18 அன்று வெடித்த அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸில் குழம்பின் சூடு ஏறத்தாழ 900 டிகிரிதான். அங்கே 57 பேர் மாண்டார்கள்.

வேறுபாடு சிலிக்காவில் இருக்கிறது. மணலில் நிறைந்திருக்கும் அதே பொருள்தான். உருகிய பாறைக்குள் அது சங்கிலிபோலப் பிணைந்துகொள்வதால், அளவு கூடக்கூடக் குழம்பு இறுகும். கிலாவேயாவின் பசால்ட் குழம்பில் சிலிக்கா சுமார் 50 சதவீதம். செயின்ட் ஹெலன்ஸின் டேசைட் குழம்பில் 60க்கும் மேல்.

இறுகினால் ஏன் வெடிக்க வேண்டும்? அடுப்பில் கொதிக்கும் ரசத்தையும் கேழ்வரகுக் கூழையும் பாருங்கள். ரசத்தில் குமிழி சத்தமின்றி வந்து உடைகிறது. கூழில் அது உப்பி உப்பி, 'டப்'பென்று தெறித்துக் கையைச் சுடுகிறது. மலைக்குள்ளும் இதே கதைதான். குழம்பில் கரைந்திருக்கும் நீராவியும் மற்ற வாயுக்களும், அது மேலேறி அழுத்தம் குறையும்போது குமிழிகளாகின்றன. இளகிய குழம்பு அவற்றை விட்டுவிடும். கெட்டிக் குழம்பு அடைத்துவைக்கும்.

செயின்ட் ஹெலன்ஸின் வடசரிவு பல வாரங்களாக நாளுக்கு ஒன்றரை மீட்டருக்கும் மேல் வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தது. மே 18 காலை வந்த நிலநடுக்கத்தில் அந்தச் சரிவு இடிந்து விழுந்தது. மூடி திறந்ததும், அடைபட்ட வாயு குழம்பைச் சாம்பலாகப் பொடித்து வீசியது. மலையின் உயரம் 400 மீட்டர் குறைந்தது.

இந்த விதிக்கு விலக்குகளும் உண்டு. நிலத்தடி நீர் கலந்தால் இளகிய பசால்ட் மலையும் வெடிக்கும். 1924இல் கிலாவேயாவே அப்படி நீராவியால் வெடித்தது.

ஆனாலும் இந்த அறிவு உயிர் காக்கிறது. பிலிப்பைன்ஸின் பினாடுபோ சுமார் 500 ஆண்டுகள் உறங்கிய மலை. 1991இல் அது விழித்தபோது, பழைய வெடிப்புகள் விட்டுச்சென்ற படிவுகளைப் படித்த அறிஞர்கள் அதன் குணத்தை முன்கூட்டியே அறிந்தார்கள். ஜூன் 15ஆம் தேதி அது பெருவெடிப்பாக வெடிப்பதற்குள் பல்லாயிரம் பேர் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். தூங்கும் மலையின் பாறையைப் படித்து வைப்பது, அதன் அடிவாரத்து ஊர்களுக்கு நாம் செய்யும் காவல்.