ஆரம்பப் பிரிவில் விளையாட்டை நிறுத்தும் முடிவு: எமது நிலைப்பாடு

தரம் 1 முதல் 5 வரையான பிள்ளைகளுக்கு ஓட்டமும் விளையாட்டும் மறு அறிவித்தல் வரை வேண்டாம் என்ற முடிவை, நமுனுகுல வட்டாரத் தோட்டப் பாடசாலைகளின் பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்த எமது ஒன்றியம் ஏற்கவில்லை. பயிற்சியின்போது ஒரு பிள்ளைக்குக் கையில் அடிபட்டதால் வந்த முடிவு இது என்பது அங்கத்தவர் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பிள்ளையின் கை தேறி வருகிறது. பயிற்சியில் நின்ற ஆசிரியையை நாம் குறைகூறவில்லை. தனியொருவராக அவரால் செய்யக்கூடியதை அவர் செய்தார்.

விபத்துகளை நாம் இலேசாக எண்ணுபவர்கள் அல்லர். 2024 மார்ச்சில் திருக்கோவிலில் மரதன் ஓடிய 16 வயது மாணவன் உயிரிழந்தான். அதற்குச் சில மாதங்கள் முன், 2023 டிசம்பரில், வெல்லம்பிட்டியில் பாடசாலைத் தண்ணீர்க் குழாயடிச் சுவர் இடிந்து தரம் 1 மாணவி இறந்தாள். அந்தக் குழந்தை எந்தப் போட்டியிலும் ஓடவில்லை. கட்டி வைத்தது இடிந்து விழுந்தது. இடத்தைச் சரிசெய்யாமல் பிள்ளையை வகுப்பில் உட்காரவைத்து என்ன பயன்?

எங்கள் பிள்ளைகள் ஓடும் இடத்தை முடிவெடுத்தவர்களில் ஒருவராவது வந்து பார்த்தாரா? அது மலைச்சரிவை வெட்டி எடுத்த துண்டு நிலம். மேற்பக்கம் கல்கட்டு, கீழ்ப்பக்கம் தேயிலை மலைக்கு இறங்கும் கான். ஓட்டம் முடியும் கோட்டுக்கும் கானுக்கும் நடுவே வளர்ந்தவருக்கு நாலு எட்டுத் தூரம்கூட இல்லை. ஏழு வயதுப் பிள்ளை கோட்டைத் தொட்ட கையோடு நின்றுவிடாது. வந்த வேகத்தில் இன்னும் கொஞ்சம் ஓடித்தான் நிற்கும். பிடுங்கிய தேயிலையின் வேர்க்கட்டைகள் புல்லுக்குள் இன்னும் கிடக்கின்றன. ஈரப் புல்லில் சப்பாத்து வழுக்குகிறது என்று பிள்ளைகள் அதன்மேல் வெறுங்காலோடு ஓடுகிறார்கள். நீளப்பாய்தல் குழியில் மணல் இல்லை, இறுகிய மண்தான். இந்தத் துண்டு நிலமும் இல்லாத பாடசாலைகளில் பிரட்டுக்களமோ கொழுந்து லொறி திரும்பும் பாதையோதான் மைதானம். நிலம் அரசாங்கத்தினுடையது, நிர்வாகம் 1992 முதல் கம்பனிகளுடையது, பாடசாலை மாகாணத்தினுடையது. கானுக்கு மூடி போடச் சொன்னால் ஒருவர் மற்றவரைக் காட்டுகிறார். விழுந்தால் மட்டும் பிள்ளை எங்களுடையது.

காலமும் பார்க்கப்பட வேண்டும். இல்ல விளையாட்டுப் போட்டிகள் முதலாம் தவணையில் வருகின்றன. ஐப்பசியில் தொடங்கும் எங்கள் மழை தை வரை நீள்கிறது. பயிற்சி தொடங்கும்போது தரை ஊறிப்போயிருக்கும். இரண்டாம் தவணைக்கு மாற்றலாம் என்பது பெரும்பான்மையோர் கருத்து. புலமைப்பரிசில் பரீட்சையைக் காரணம் காட்டிச் சிலர் உடன்படவில்லை. ஆகவே இயன்ற பாடசாலைகளில் மாற்றிப் பார்க்கலாம் என்ற அளவில் இப்போதைக்கு நிற்கிறோம்.

5 முதல் 17 வயது வரையானவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலியக்கம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். லயத்து அறையில் அதற்கு இடம் கிடையாது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். கை வீங்கினால் எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். வளரும் எலும்பின் நுனியில் அடிபட்டுக் கவனிக்காமல் விட்டால் கை கோணலாகவே வளரலாம். அசையாமல் கட்டை வைத்துக் கட்டி, 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் தாய்க்கு அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போகிறது என்பதை நாம் அறிவோம். பாடசாலையில் அடிபட்ட பிள்ளையோடு போகும் நாளுக்குப் பேர் வெட்டக்கூடாது என்று தோட்ட நிர்வாகங்களைக் கேட்கிறோம்.

எது நடந்தாலும் பெற்றோரே பொறுப்பு என்று எழுதிய கடிதம் பிள்ளைகளின் கொப்பிக்குள் வைத்து வீடுகளுக்கு வந்திருக்கிறது. கடுமையாகச் சொல்ல வேண்டாம் என்று குழுவில் சிலர் கேட்டுக்கொண்டார்கள். ஆனாலும், வாசிக்கத் தெரியாத தாயிடம் கைநாட்டு வாங்குவதை வேறெப்படிச் சொல்வது? இது வெட்கக்கேடு. எவரும் கையொப்பமிட வேண்டாம். இட்டவர்கள் எழுத்தில் மீளப்பெறலாம். கடிதம் எழுதத் தோட்டந்தோறும் ஒருவர் உதவுவார்.

அடுத்த வருட முதலாம் தவணைக்கு முன் வலயக் கல்விப் பணிமனையும் தோட்ட நிர்வாகமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் ஒன்றாக வந்து ஒவ்வொரு மைதானத்தையும் பார்க்க வேண்டும். கானுக்கு மூடி, கோட்டுக்கு அப்பால் குறைந்தது பத்து மீற்றர் வெற்றிடம், குழிக்கு மணல், முதலுதவி பழகிய ஓர் ஆசிரியர். இந்த நான்கும் இல்லாத இடத்தில் ஓட்டப்போட்டி வேண்டாம் என்பதை நாமும் ஏற்கிறோம். முடிவில், இடைவேளையில் பிள்ளைகள் விளையாடுவதைத் தடுக்கும் பகுதியை மட்டும் உடனே நீக்க வேண்டும்.