தேங்காய் நின்ற இடத்தில் போர் போடலாமா?

கேள்வி: "ஐயா, எங்களுக்கு முத்தாண்டிக்குப்பத்தில் இரண்டரை ஏக்கர் கொல்லை இருக்கிறது. தானே புயலில் மரமெல்லாம் சாய்ந்த பிறகு திரும்ப வைத்த முந்திரியும் நாலு பலாவும் ஒரு பக்கம். மீதியில் மல்லாட்டையும் காய்கறியும் வைக்கிறோம். மாமனார் போட்ட பழைய போரில் இரண்டு வருஷமாகத் தண்ணீர் குறைந்துவிட்டது. மோட்டார் போட்டால் முக்கால் மணி நேரத்தில் காற்று வாங்குகிறது. பக்கத்துக் கொல்லையில் பெரிய மாமனார் புதுப் போர் போட்டு எங்கள் நீரோட்டத்தை வெட்டிவிட்டார் என்று இவர் அவர் வீட்டு வாசலை மிதிப்பதில்லை. நல்லது கெட்டதுக்கும் போவதில்லை. புதுப் போருக்கு நீரோட்டம் பார்க்க ஆள் கூப்பிட்டோம். கையில் வைத்த தேங்காய் ஈசானி மூலையில் நிமிர்ந்து நின்றது. என் கண்ணால் பார்த்தேன். மறுவாரம் வந்தவர் வேப்பங்குச்சியைப் பிடித்துக்கொண்டு நடந்து, தெற்கே பலா மரத்தடியைக் காட்டினார். இருவரில் யார் சொல்வது சரி? நாலு லட்சம் ஆகும் என்கிறார்கள். என் நகையைத்தான் வைக்க வேண்டும். பெயர் போட வேண்டாம்."

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் கேள்வி ஒன்றுதான். ஆனால் அதற்குள் நகையும் இருக்கிறது, அண்ணன் தம்பி உறவும் இருக்கிறது. அதனால் இந்த முறை மற்ற கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு இதற்கே முழுப் பக்கமும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் நேரான பதில். ஈசானி மூலையில் போட்டாலும் தண்ணீர் வரும், பலா மரத்தடியில் போட்டாலும் வரும். இரண்டுக்கும் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை எறிந்து, அது விழுந்த இடத்தில் போட்டாலும் வரும். அவர்கள் இருவரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. உங்கள் மண் அப்படிப்பட்டது.

நீரோட்டம் என்ற சொல்தான் நம்மை ஏமாற்றுகிறது. பூமிக்கு அடியில் வாய்க்கால் மாதிரி, கையில் ஓடும் நரம்பு மாதிரி தண்ணீர் ஓடுகிறது. அதன் மேல் சரியாகக் குத்தினால் ஊற்று, ஓரடி தவறினால் வெறும் மண் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம் பக்கத்து நிலத்தடி அப்படி இல்லை. மணலும் களியும் மாறி மாறிப் படிந்த அடுக்குகள் அங்கே இருக்கின்றன. நிலவியல்காரர்கள் இதைக் கடலூர் மணற்கல் என்கிறார்கள். ஓர் அண்டாவில் மணலைக் கொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டு, உறிஞ்சு குழலை எங்கே குத்தினாலும் தண்ணீர் வரும் அல்லவா? உங்கள் கொல்லைக்கு அடியில் இருப்பது ஊர் ஊராக விரிந்த அப்படி ஓர் அண்டா. அந்தத் தண்ணீர் நகரத்தான் செய்கிறது. ஆனால் மணல் இடுக்கு வழியாக ஒரு நாளைக்குச் சில அங்குலம், மிஞ்சினால் சில அடி. நத்தை கூட அதை முந்திவிடும்.

ஆகவே உங்கள் ஊரில் தேங்காய் வைத்துப் பார்ப்பவருக்குத் தோல்வியே கிடையாது. நூறு இடம் காட்டினால் நூறிலும் தண்ணீர். அவர் பெயர் பத்து ஊருக்குப் பரவும். அதே ஆளைக் கள்ளக்குறிச்சிப் பக்கம் அழைத்துப் போங்கள். நான் பிறந்த ஊர் அந்தப் பக்கம்தான்; அடியில் முழுக்கப் பாறை. தமிழ்நாட்டு நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இப்படிக் கடினப் பாறைதான். அங்கே தண்ணீர் மக்கிய பாறையிலும் பாறை வெடிப்புகளிலும் மட்டும் நிற்கும், அதனால் இடம் உண்மையிலேயே முக்கியம். என் அப்பா தேங்காய் நின்ற மூன்று இடங்களில் போர் போட்டார். இரண்டில் வெறும் புழுதி. பார்த்தவரைக் கேட்டதற்கு, "குறி வைத்த இடத்துக்கு வண்டிக்காரர் இரண்டடி தள்ளி இறக்கிவிட்டார்" என்றார். தண்ணீர் வந்த மூன்றாவது போரை மட்டும் அவர் கடைசி வரை மறக்கவில்லை. நாங்களும் அதைத்தான் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

"என் கண்ணால் பார்த்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். தேங்காய் நின்றது உண்மைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. எது நிறுத்தியது என்பதுதான் கேள்வி. உள்ளங்கையில் படுத்திருக்கும் தேங்காய் எந்த நேரமும் புரளத் தயாராக இருக்கும் பொருள். மணிக்கட்டு மயிரிழை அளவு அசைந்தாலே போதும். இழுத்துப் பிடித்த கவைக்குச்சியும் அப்படித்தான். அந்த அசைவு பிடித்திருப்பவருக்கே தெரியாமல் நடக்கும். இங்கிலாந்தில் வில்லியம் கார்பென்டர் என்ற மருத்துவர் 1852-லேயே இதைப் பற்றி எழுதினார்: நாம் எதிர்பார்ப்பதை நம் தசை, நம் அனுமதி கேட்காமலே செய்துவிடுகிறது. அடுத்த ஆண்டு மைக்கேல் ஃபாரடே சோதித்தே பார்த்தார். அப்போது அங்கே மேசையைச் சுற்றி உட்கார்ந்து கைகளை வைத்தால் மேசை தானாகச் சுழல்கிறது, ஆவிதான் சுழற்றுகிறது என்று பெரிய பேச்சு. ஃபாரடே கைக்கும் மேசைக்கும் இடையில் வழுக்கி நகரும் அட்டைகளை வைத்தார். மேசைக்கு முன்னால் கைகள்தான் நகர்ந்திருந்தன. உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. தாங்கள் தள்ளவே இல்லை என்றுதான் நம்பினார்கள்.

நீர் பார்ப்பவர்களையும் சோதித்திருக்கிறார்கள். ஜெர்மனியில் காசல் நகரில் 1990-ல் முப்பது பேரை அழைத்தார்கள். நிலத்தில் அரை மீட்டர் ஆழத்தில் ஒரு குழாயைப் புதைத்து, அதில் தண்ணீர் இப்போது ஓடுகிறதா இல்லையா என்று மட்டும் சொல்லச் சொன்னார்கள். சோதனை நியாயமானது என்று அவர்களே முன்கூட்டி ஒப்புக்கொண்டார்கள், வெற்றி பெறுவோம் என்றும் நம்பினார்கள். முடிவு, காசைச் சுண்டிப் போட்டுப் பூவா தலையா பார்த்தால் என்ன வருமோ அதுதான்.

ஜெர்மனி வரை போக வேண்டாம் என்றால் உங்கள் கொல்லையிலேயே செய்யலாம். அதே ஆளை அழைத்து, மரியாதையாகச் சொல்லிவிட்டு, கண்ணைத் துணியால் கட்டி மூன்று முறை வேறு வேறு பக்கத்திலிருந்து நடக்கவிடுங்கள். தேங்காய் நிற்கும் இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு முளை அடியுங்கள். மூன்று முளையும் ஒரே இடத்தில் விழுந்தால் எனக்கு எழுதுங்கள், நானே வந்து பார்க்கிறேன்.

பழைய அறிவு எல்லாம் பொய் என்று இதற்குப் பொருள் இல்லை. வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையில் மரங்களையும் கரையான் புற்றையும் பார்த்து நீர் இருக்கும் இடம் சொல்ல ஒரு பகுதியே இருக்கிறது. அதில் சொன்னது எல்லாமே சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஈரத்தை நாடும் மரம், பசுமை மாறாத திட்டு, பள்ளம் மேடு இவற்றைக் கவனிப்பது நிலத்தைப் படிக்கும் வேலை. அனுபவசாலி ஒருவர் தேங்காயைக் கையில் வைத்திருந்தாலும் கண்ணால் நிலத்தைத்தான் படிக்கிறார். பல நேரம் அவர் சொல்வது பலிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி, தண்ணீர் ஏன் குறைந்தது? உங்கள் பகுதியின் கதை 1930களில் தொடங்குகிறது. ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது கரிய துகள்கள் சேர்ந்து வந்தன. பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது அப்படித்தான். நிலக்கரிப் படுகைக்குக் கீழே உள்ள மணல் அடுக்கில் தண்ணீர் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கிறது. மேட்டுப் பக்கத்துச் செம்மண்ணில் விழும் மழை சாய்வாக உள்ளே இறங்கி, களிமண் மூடிக்குக் கீழே வந்து சேருவதால் வரும் அழுத்தம் அது. மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் தெருக்குழாயில் பீச்சுவது போல. அதனால்தான் அந்தக் காலத்தில் நெய்வேலிப் பக்கம் குழாயை இறக்கினாலே மோட்டார் இல்லாமல் தண்ணீர் பொங்கியது. பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

சுரங்கம் தோண்டுபவருக்கு அதே அழுத்தம் ஆபத்து. மேலே இருக்கும் மண்ணின் பாரத்தை எடுத்துவிட்டால், அடித் தண்ணீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு வந்துவிடும். எனவே 1961-ல் நிலக்கரி வெட்டத் தொடங்கிய காலம் முதலே சுற்றிலும் பெரிய போர்களைப் போட்டு இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். சுரங்கத்தைச் சுற்றி நீர்மட்டம் ஒரு பெரிய புனல் போலச் சரிகிறது. அதோடு நம் விவசாய மோட்டார்கள் பல ஆயிரம் சேர்ந்து இறைக்கின்றன. இந்த இரண்டையும் விட்டுவிட்டு, 'ஊற்றுக்கண் மூடிக்கொண்டது' என்று சொன்னால் கேட்க வேண்டியவர்களிடம் கேட்காமல் பூமியைக் குறை சொன்னது போல ஆகும்.

பெரிய மாமனார் விஷயத்துக்கு வருகிறேன். அவர் உங்கள் நீரோட்டத்தை வெட்டவில்லை. வெட்டுவதற்கு அங்கே அப்படி ஒரு நரம்பே கிடையாது. ஆனால் உங்கள் மாமனார் சொல்வதில் கால் பங்கு உண்மை உண்டு. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு போர்கள் ஒரே நேரத்தில் ஓடினால் ஒன்றின் இறக்கம் மற்றதன் மட்டத்தையும் இழுக்கும். அவருடையது உங்களுடையதை இழுப்பது போலவே உங்களுடையது அவருடையதையும் இழுக்கும். இரண்டையும் நிறுத்தினால் மட்டம் திரும்ப ஏறும். காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டாலே பாதிச் சண்டை தீர்ந்தது.

நகையைத் தொடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். மோட்டார் மெக்கானிக்கைக் கூட வைத்துக்கொண்டு, நூல் கயிற்றில் சிறிய போல்ட் ஒன்றைக் கட்டி, மோட்டார் கேபிளில் சிக்காமல் போருக்குள் இறக்குங்கள். விடியற்காலையில், மோட்டார் போடும் முன் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். அரை மணி நேரம் ஓட்டிய பிறகு திரும்ப அளவுங்கள். நின்ற மட்டம் முன்பு இருந்த அளவிலேயே இருந்து, ஓட்டினால் மட்டும் சடசடவென இறங்கினால், அடியில் இருக்கும் ஸ்லாட் பைப் மண்ணும் துருவும் ஏறி அடைத்திருக்கிறது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். கம்ப்ரசர் வண்டியை அழைத்து ஊதச் சொன்னால் போர் பிழைக்க வாய்ப்பு உண்டு. புதுப் போரோடு ஒப்பிட்டால் அது சிறிய செலவு. நின்ற மட்டமே கீழே போயிருந்தால் அது ஊர் முழுக்க இறங்கிய மட்டம். பத்தடி தள்ளி ஈசானி மூலையில் போட்டாலும் அதே மட்டம்தான் வரும். அப்போது மோட்டாரைக் கீழே இறக்க முடியுமா என்று பாருங்கள். மேலே உள்ள அகலக் குழாய் எத்தனை அடி வரை போகிறதோ அதுவரைதான் இறக்க முடியும். பழைய போரின் கணக்கு மாமனாரிடம் இருக்கும், கேளுங்கள்.

அதற்கும் வழியில்லை, புதுப் போர்தான் என்றால், இடத்துக்குச் செலவழிக்காதீர்கள். போரின் தரத்துக்குச் செலவழியுங்கள். மணல் பகுதியில் போர் கெடுவது பெரும்பாலும் இடத்தால் அல்ல. களி இருக்கும் ஆழத்தில் ஸ்லாட் பைப்பை வைத்துவிடுவதால், சுற்றிலும் பொடிக் கூழாங்கல்லைச் சரியாகக் கொட்டாததால் கெடுகிறது. துளை போட்டு முடித்ததும் குழாய் இறக்கும் முன் மின் லாகிங் செய்யச் சொல்லுங்கள். துளைக்குள் கருவியை இறக்கி, எந்த ஆழத்தில் மணல், எந்த ஆழத்தில் களி என்று எடுக்கும் அளவு அது. அந்த அளவுப்படி ஸ்லாட் பைப்பை மணலுக்கு நேராக வைக்க வேண்டும். லாகிங் எல்லாம் வேண்டாம், எனக்குக் கைப்பழக்கம் என்று சொல்லும் வண்டிக்காரரை விட்டுவிடுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் இதற்கான உதவி என்ன கிடைக்கும் என்று ஒரு நடை போய்க் கேட்டுவிடுங்கள். கடனை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

கயிறு போட்டு அளந்த இரண்டு அளவையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். பெரிய மாமனாரின் போரையும் அதே விடியற்காலையில் அளந்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். கயிற்றை எடுத்துக்கொண்டு உங்கள் மாமனாரையே அங்கே போகச் சொல்லுங்கள்.