செலவறிதலும் வலிமையே

நுழையும்முன்

வீட்டிற்குள் வரும் பொருள்களுக்குக் கணக்கு வைப்போர் பலர். வீட்டைவிட்டு வெளியேறும் பொருள்களுக்குக் கணக்கு வைப்போர் சிலரே. பழைய பொருளை மீண்டும் பயன்படுத்துவது வறுமையின் அடையாளமா, அறிவின் அடையாளமா? இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

சிறுசெலவும் பெருந்தொகையும்

வரவு சிறிதாயினும் செலவு அதனை மிஞ்சாதவரை கேடில்லை என்பது திருவள்ளுவர் கருத்து. இக்கருத்தை அவர் ‘வலியறிதல்’ என்னும் அதிகாரத்தில் வைத்திருப்பது எண்ணத்தக்கது. படைவலியை அறிவது அரசனுக்கு எவ்வளவு தேவையோ, பொருள்வலியை அறிவது இல்லறத்தார்க்கு அவ்வளவு தேவை. திருமணம், வீடு, மருத்துவம் போன்ற பெருஞ்செலவுகளை நாம் பலமுறை எண்ணிப் பார்த்தே செய்கிறோம். எண்ணாமல் செய்யும் சிறுசெலவுகளே பொருள்வலியைக் கரைக்கின்றன.

நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலையின் அடிவாரத்தில் உள்ள முள்ளுக்குறிச்சியில் வாழும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கடைக்குப் பை கொண்டுசெல்லாமல், நாள்தோறும் ஐந்து ரூபாய் கொடுத்து அங்கேயே ஒரு பை வாங்குவதாகக் கொண்டால், ஓராண்டில் 1,825 ரூபாய் செலவாகிவிடும். பழைய வேட்டியில் தைத்த ஒரு பை அச்செலவைத் தடுத்துவிடும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழக அரசு 2019 சனவரி முதல் தடை விதித்தது. 2021 திசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. மலையடிவாரத்து ஓடைகளைக் காக்கும் அந்தத் துணிப்பை, வீட்டுப் பணத்தையும் காக்கிறது.

துணிக்குப் பல பிறவி

நம் வீடுகளில் ஒரு பருத்திச் சேலை பல பிறவி எடுத்தது. உடுத்திப் பழகி மென்மையானபின் அது குழந்தைக்குத் தூளியாயிற்று. பின்னர் மடித்துத் தைத்த விரிப்பாயிற்று. இறுதியில் அடுப்பங்கரையில் கரித்துணியாயிற்று. கரைத்தெடுத்த புளியின் சக்கை பித்தளைப் பாத்திரத்தைத் துலக்கியது. அரிசி கழுவிய நீர் கழுநீர்ப் பானையில் சேர்ந்து மாட்டுக்குத் தீவனமாயிற்று. இவற்றைச் செய்தவர்கள் ‘மறுபயன்பாடு’ என்னும் சொல்லைக் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால், அதன் பொருளை நன்கு அறிந்திருந்தார்கள்.

அவர்களுடைய அறிவுக்குப் பொருளியல் விளக்கம் தந்தவர்களுள் ஒருவர், தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே.சி. குமரப்பா. அமெரிக்காவில் பொருளியல் பயின்ற அவர், காந்தியடிகளோடு இணைந்து கிராமத் தொழில்களின் வளர்ச்சிக்காக உழைத்தார். உதிர்ந்த இலை உரமாகி மீண்டும் மரத்தைச் சேரும் இயற்கைச் சுழற்சியைக் கெடுக்காத பொருளாதாரமே நிலைத்து நிற்கும் என்பது அவர் சிந்தனையின் மையம்.

எது முதலில்?

மறுபயன்பாடு, மறுசுழற்சி ஆகிய இரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் உண்டு. வெற்றுக் கண்ணாடிப் புட்டியைக் கழுவி, அதில் துவரம்பருப்பைக் கொட்டி வைப்பது மறுபயன்பாடு. அதே புட்டியை உருக்கி வேறு புட்டி செய்வது மறுசுழற்சி. முன்னதில் புதிய கலன் வாங்கும் செலவு முழுவதும் மிஞ்சுகிறது. பின்னதில் வீட்டுக்குக் கிடைப்பது பழைய பொருளுக்குரிய சிறுவிலை மட்டுமே.

மறுசுழற்சி பயனற்றது என்பது இதன் பொருளன்று. தாதுவிலிருந்து அலுமினியம் எடுப்பதற்குத் தேவைப்படும் ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடே பழைய அலுமினியத்தை உருக்கிப் பயன்படுத்தத் தேவைப்படுகிறது. நாட்டுக்கு இது பெருஞ்சேமிப்பு. ஆயினும், பழுது நீக்கிப் பயன்படுத்துவதே முதற்படி. அது இயலாதபோது தாள், இரும்பு, பித்தளை எனத் தரம்பிரித்துப் பழைய பொருள் கடையில் கொடுப்பது அடுத்தபடி.

மேல்நிலை முதலாமாண்டில் அரசு விலையின்றி வழங்கும் மிதிவண்டியையே சான்றாகக் கொள்ளலாம். சங்கிலிக்கு எண்ணெய் இடாமலும், துளைபட்ட குழாயை ஒட்டாமலும், மழையில் நிறுத்தி வைத்தால் அதன் மதிப்பு இரும்பின் எடைக்கு இறங்கிவிடும். பேணி வைத்தால், நீங்கள் கல்லூரிக்குச் சென்றபின் வீட்டில் மற்றொருவருக்கு அது வாகனமாகும்.

எல்லை அறிதல்

எல்லாப் பொருள்களையும் மீண்டும் பயன்படுத்திவிட முடியாது. வேளாண் குடும்பங்களில் பூச்சிக்கொல்லி மருந்து தீர்ந்த கலன்களைக் கழுவி, தண்ணீரோ எண்ணெயோ ஊற்றி வைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. நாற்றம் போய்விட்டதாலேயே நஞ்சு போய்விட்டதாகாது. அக்கலன்கள் மீண்டும் எவர் கைக்கும் போகாதவாறு உடைத்து, குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் கூறுகின்றன. அச்சு மை படிந்த செய்தித்தாளில் வடையை மடித்து உண்பதும், பலமுறை காய்ச்சிய எண்ணெயிலேயே மீண்டும் பொரிப்பதும் சிக்கனம் ஆகா. பத்து ரூபாயை மிச்சப்படுத்தி மருத்துவமனையில் பல்லாயிரம் செலவிடுவது எவ்வகைக் கணக்கு?

பகிர வேண்டிய உழைப்பு

தைத்தல், கழுவுதல், தரம்பிரித்தல் ஆகியவை உழைப்பைக் கோருபவை. பல வீடுகளில் இவ்வுழைப்பு முழுவதும் தாயின்மேல் விழுகிறது. சேமிப்பின் பயனைக் குடும்பமே பெறும்போது, உழைப்பை ஒருவர் மட்டும் சுமப்பது முறையன்று. சட்டைக்குப் பித்தான் தைக்க ஆண் பிள்ளைகளும், மிதிவண்டிக் குழாய்க்கு ஒட்டுப் போடப் பெண் பிள்ளைகளும் கற்றுக்கொள்ள வேண்டும்.

மற்றொரு கடமை வகுப்பறையைச் சார்ந்தது. அக்காள் அணிந்த சீருடையைத் தங்கையும், அண்ணன் சுமந்த பையைத் தம்பியும் பயன்படுத்துவதைக் கண்டு எள்ளி நகையாடும் வழக்கம் இன்னும் மறையவில்லை. அந்த ஏளனத்திற்கு அஞ்சியே, கடன்பட்டுப் புதியன வாங்கும் பெற்றோர் உள்ளனர். தைத்த ஆடையை இழிவாகக் கருதாத வகுப்பறை, அத்தகைய பெற்றோரின் கடன்சுமையைக் குறைக்கிறது. அதற்குப் பணம் வேண்டியதில்லை. மாணவராகிய உங்கள் பண்பே போதும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலிருந்து ஒரு வாரத்தில் எறியப்படும் பொருள்களைப் பட்டியலிட்டு, மீண்டும் பயன்படுத்தத்தக்கன, மறுசுழற்சிக்கு உரியன, பயன்படுத்தக் கூடாதன என வகைப்படுத்துக.

2. ‘பழைய பொருளைப் பயன்படுத்துவது பெருமைக்குரியதே’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.